முட்டும் மாடும் மூடாத குழியும்

யாத்திராகமத்தின் இருபதாம் அதிகாரத்திலே பத்துக் கட்டளைகள் வழங்கப்பெறுகின்றன. அதற்கு அடுத்த அதிகாரத்திலே, கோயிலில் அரிதாகவே வாசிக்கப்படும் ஒரு பகுதியில், மாடுகளைப் பற்றிய ஒரு சட்டம் உண்டு. ஒருவனுடைய மாடு இன்னொருவனை முட்டிக் கொன்றுவிட்டால், அம்மாட்டைக் கல்லாலெறிந்து கொல்ல வேண்டும். மாட்டுக்கு உடையவன்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முன்னமே முட்டும் இயல்புடையதாய் இருந்து, அதை உடையவனுக்குப் பிறர் அறிவித்திருந்தும், அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், மாட்டோடு உடையவனும் மரண தண்டனைக்கு உரியவன் ஆகிறான்.

இரண்டு வழக்கிலும் முட்டியது மாடுதான், மாண்டது மனிதன்தான். அப்படியிருக்க, ஒரு வழக்கில் உடையவன் நிரபராதி, மறு வழக்கில் குற்றவாளி. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? ‘அவன் அறிந்திருந்தான்’ என்னும் ஒரே காரணந்தான். அதே அதிகாரத்தில், குழி தோண்டியவன் அதை மூடாமற்போய், அதில் பிறனுடைய மாடோ கழுதையோ விழுந்து மடிந்தால், குழிக்கு உடையவன் ஈடுகொடுக்க வேண்டும் என்றும் காண்கிறோம். உபாகமத்தின் இருபத்திரண்டாம் அதிகாரமோ, புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்று விதிக்கிறது. யாரேனும் தவறி விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வராதிருப்பதற்காகவே இந்த விதி.

மாடும் குழியும் மொட்டைமாடியும் இன்றைய உலகிற்குப் பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். நன்றாகவே பொருந்தும். கடந்த அரை நூற்றாண்டாக அமெரிக்க நீதிமன்றங்களிலே நடைபெற்றுவரும் கல்நார் வழக்குகள், இந்தப் பழஞ்சட்டத்தின் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுள்ளும், பச்சிளங் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரில் கல்நார் கலந்திருந்தது என்று தொடுக்கப்பட்ட வழக்குகள் தாய்மார் யாவருடைய உள்ளத்தையும் தொடுவன. ஆகவே இம்மாதம் அவற்றைப் பற்றிச் சிந்திப்போம்.

அயலான் யார்?

முதலில், பொருளை விற்றவன் அல்லது செய்தவன் அப்பொருளால் வந்த தீங்குக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்பதைச் சட்டம் எவ்வாறு கண்டது என்று பார்ப்போம்.

1928-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஸ்காட்லாந்து நாட்டின் பெய்ஸ்லி என்னும் ஊரிலே, ஒரு சிற்றுண்டிச் சாலையில், ஏழைப் பெண்மணி ஒருத்திக்கு அவளுடைய தோழி இஞ்சிப் பானம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். புட்டி கருநிறக் கண்ணாடியாலானது. உள்ளிருப்பது வெளியே தெரியாது. பாதியைக் குடித்தபின் மீதியை ஊற்றுகையில், அழுகிய நத்தை ஒன்று வெளிவந்தது என்றும், அதனால் தான் நோயுற்றதாகவும் அப்பெண்மணி வழக்குத் தொடுத்தாள். அன்றிருந்த சட்டப்படி அவளுக்கு வழியில்லை. காசு கொடுத்தவள் தோழி. ஆதலால் கடைக்காரருக்கும் அவளுக்கும் ஒப்பந்தமில்லை. பானம் தயாரித்தவரோ அவளைக் கண்டதேயில்லை. கண்டறியாத ஒருத்திக்கு அவர் என்ன கடன்பட்டிருக்கிறார்?

இலண்டனிலே பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவர் இதை விசாரித்து, 1932-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள், மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அப்பெண்மணியின் பக்கம் தீர்ப்புரைத்தனர். அத்தீர்ப்பிலே ஆட்கின் பிரபு எடுத்துக்காட்டிய வினா நாம் அனைவரும் அறிந்தது. லூக்காஸ் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலே, தன்னை நேர்மையாளனாகக் காட்டிக்கொள்ள விரும்பிய சட்டவல்லுநன் ஒருவன் ஆண்டவர் இயேசுவிடம் கேட்ட வினாவே அது: தன் அயலான் யார்? அன்பு செய்ய வேண்டும் என்னும் கட்டளை, சட்டத்தின் எல்லைக்குள் வரும்போது, அயலானுக்குத் தீங்கு செய்யாதே என்று ஆகிறது என்று ஆட்கின் பிரபு விளக்கினார். என் செய்கையால் எவர் நேரடியாகப் பாதிக்கப்படுவார் என்று நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டுமோ, அவரே சட்டத்தின் கண்ணில் என் அயலார். அந்த ஆலை முதலாளி அப்பெண்மணியின் முகத்தைக் கண்டதில்லை. ஆனாலும் அவள் அவருக்கு அயலாள்.

அந்தப் புட்டியில் உண்மையிலேயே நத்தை இருந்ததா என்பது நீதிமன்றத்தில் கடைசிவரை நிரூபிக்கப்படவேயில்லை. வழக்கு சமாதானமாக முடிந்தது. ஆயினும் நல்ல சமாரியன் உவமையிலிருந்து பிறந்த அக்கொள்கை, ஆங்கிலச் சட்டம் வழங்கும் நாடுகள்தோறும் பரவி நிலைத்துவிட்டது. நம் பாரத நாடும் அவற்றுள் ஒன்று.

கல்நாரின் கதை

கல்நார் என்பது நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் கனிப்பொருள். கல்லாயிருந்தும் நாரைப்போலப் பிரியும், நெருப்பில் எரியாது, ஆதலால் கப்பல்களிலும் ஆலைகளிலும் கொதிகலன்களைப் போர்த்தவும், கூரைத் தகடுகள் செய்யவும் பெருமளவில் பயன்பட்டது. ‘ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்’ என்று நம் ஊர்களில் வழங்குவது சிமெண்டோடு இதைச் சேர்த்துச் செய்ததே. ஆனால் இதன் நுண்ணிழைகள் காற்றில் கலந்து மூச்சோடு உட்சென்றால், நுரையீரலில் தங்கிவிடுகின்றன. உடல் அவற்றைக் கரைக்கவும் இயலாது. முற்றிலும் வெளியேற்றவும் இயலாது. நுரையீரல் இறுகிப்போதல், நுரையீரற் புற்றுநோய், நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியுள்ள மெல்லிய உறையைப் பற்றும் ‘மெசோதெலியோமா’ என்னும் கொடிய புற்றுநோய் ஆகியவை இதனால் விளைகின்றன. இவற்றில் கடைசியாகச் சொன்ன நோய்க்குப் பெரும்பாலும் கல்நாரே காரணம். இழை உட்புகுந்து இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்தே அது வெளிப்படுகிறது. விதைத்தவனை மறந்துபோன காலத்திலே விளைச்சல் தலைகாட்டும் என்க.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே, 1936 முதல் முப்பத்து மூன்று ஆண்டுகள் குழாய்களுக்குக் கல்நார் போர்த்தும் வேலை செய்த தொழிலாளி ஒருவர், இந்நோயால் 1970-இல் மாண்டார். அவர் உயிரோடிருக்கையில் தொடுத்த வழக்கில், 1973-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் குடும்பத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் ஜான் மைனர் விஸ்டம் என்னும் நீதிபதி. ஒரு பொருளைச் செய்து விற்பவன், அப்பொருளைப் பற்றி வல்லுநனுக்குரிய அறிவு உடையவனாகவே கருதப்படுவான். அதைச் சோதித்துப் பார்ப்பதும், அறிவியல் கண்டதை அறிந்துகொள்வதும், ஆபத்தைப் பயன்படுத்துவோருக்கு எச்சரிப்பதும் அவன் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாது. தெரிந்துகொள்வதே அவன் கடன். மாட்டை வளர்ப்பவன் அதன் குணத்தை அறியாமலிருக்கலாகாது என்று யாத்திராகமத்தின் விதியை ஒரு படி மேலே உயர்த்தியது அத்தீர்ப்பு எனலாம். அதன்பின் கல்நார் வழக்குகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன.

பவுடர் டப்பாவுக்குள்

அவ்வழக்குகளில் தொடக்கத்தில் வந்தவர் பெரும்பாலும் தொழிலாளர்கள். பின்னர், ஆலையின் வாயிலையே மிதித்திராத பெண்களும் வந்தனர். வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டவர்கள், அப்பவுடரையே தாங்களும் நாள்தோறும் பூசிக்கொண்டவர்கள் அவர்கள்.

முகப்பவுடருக்கு மூலப்பொருளான டால்க் என்பதும் நிலத்தடிக் கல்லே. கனிமங்களிலெல்லாம் மிக மிருதுவானது அது. நம் பாட்டிமார் குழம்பு வைத்த கற்சட்டியின் மாக்கல் இதற்கு உறவுக் கல். மக்னீசியம் மிகுந்த பாறைகள் பூமிக்குள் வெப்பத்தாலும் நீராலும் மாறும்போது டால்க் உண்டாகிறது. அதே நிலைமைகளில், அதே பாறையருகில், கல்நார் வகைகளும் உண்டாகலாம். ஆதலால் டால்க் வெட்டியெடுக்கும் சுரங்கத்தில் கல்நார் இழையோடியிருப்பது வியப்பன்று. கோதுமையோடு களைகள் வளர்வதுபோல் இரண்டும் சேர்ந்திருக்கக்கூடும். கூர்ந்து சோதித்தாலன்றிப் பிரித்தறிய இயலாது.

ஜான்சன் அண்ட் ஜான்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் 1890-களிலிருந்து குழந்தைப் பவுடரை விற்றுவந்தது. அதற்கான டால்க் இத்தாலியிலிருந்தும், பின்னர் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலிருந்தும், அதன்பின் சீனத்திலிருந்தும் வந்தது. 1970-களின் தொடக்கத்திலே, டால்க்கில் கல்நார் உண்டா என்னும் கேள்வி அந்நாட்டில் பகிரங்கமாக எழுந்தது. அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம் கட்டுப்பாடு விதிக்கலாமா என்று ஆராய்ந்தது. அழகுப்பொருள் உற்பத்தியாளர் சங்கம் 1976-இல் தாமே ஒரு சோதனை முறையை வகுத்துக்கொண்டு, அதன்படி நடப்போம் என்று சொல்லிற்று. ஆனால் அம்முறையின் முதற்படி, கல்நாரின் சில வகைகள் நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேல் இருந்தால்தான் காட்டிக்கொடுக்கும். நூறு கிலோ டால்க்கில் அரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்தால், ‘இல்லை’ என்றே அதன் விடை. பெரிய கண்ணுள்ள சல்லடையில் மாவைச் சலித்துவிட்டு, வண்டே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும் இது.

பல ஆண்டுகளுக்குப் பின், வழக்குகளின் விளைவாக, நிறுவனத்தின் பழைய கடிதங்களும் சோதனை அறிக்கைகளும் நீதிமன்றத்தில் வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்த ராய்ட்டர் செய்தி நிறுவனம், 2018 டிசம்பர் 14 அன்று நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. 1971 முதல் 2000-களின் தொடக்கம் வரை, நிறுவனத்தின் டால்க்கிலும் பவுடரிலும் சிறு அளவில் கல்நார் இருப்பதாகச் சில சோதனைகள் அவ்வப்போது காட்டியிருந்தன என்றும், மேலதிகாரிகளும் விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் இதை அறிந்து கவலைப்பட்டும், அரசாங்கத்துக்கோ பொதுமக்களுக்கோ அறிவிக்கவில்லை என்றும் அக்கட்டுரை கூறிற்று. அரசாங்கம் ஆராய்ந்துகொண்டிருந்த அந்நாட்களிலே, 1972 முதல் 1975 வரை, மூன்று வேறு ஆய்வகங்கள் நடத்திய மூன்று சோதனைகளேனும் கல்நாரைக் கண்டிருந்தன. ஆயினும் 1976-இல் நிறுவனம், 1972 டிசம்பருக்கும் 1973 அக்டோபருக்கும் இடையில் எடுத்த மாதிரி எதிலும் கல்நார் காணப்படவில்லை என்று அரசாங்கத்துக்கு உறுதியளித்தது. அந்த மூன்று சோதனைகளையும் தெரிவிக்கவில்லை என்பது செய்தி.

இங்கேதான் நம் உள்ளம் நின்று சிந்திக்க வேண்டும். டால்க்கில் கல்நார் கலந்தது எவர் செய்த குற்றமும் அன்று; அது பூமியின் இயல்பு. ஆனால் சோதனைத் தாள் மேசைமேல் வந்தபின், முட்டும் மாடு என்று அறிவிக்கப்பட்ட உடையவனின் நிலை வந்துவிடுகிறது.

மறுபக்கத்தையும் கேட்போம்

நீதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரு பக்கத்தையும் கேட்பதே முறை. அந்த நிறுவனம் இக்குற்றச்சாட்டுகளை முற்றிலும் மறுக்கிறது. ராய்ட்டர் கட்டுரை ஒருதலைப்பட்சமானது, பொய்யானது என்றது. தன் டால்க் கல்நாரற்றது, பாதுகாப்பானது, புற்றுநோய்க்குக் காரணமாகாதது என்றும், ஆயிரக்கணக்கான சோதனைகள் இதைக் காட்டுகின்றன என்றும் கூறிவருகிறது.

ஜூரிகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. 2016 பிப்ரவரியில் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரிலே, சினைப்பைப் புற்றுநோயால் இறந்த ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரிகள் சொன்னார்கள். அந்த நீதிமன்றத்துக்கு அவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரமில்லை என்று 2017-இல் மேல்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதே நகரில் 2018 ஜூலையில், 22 பெண்களின் வழக்கை ஒன்றாய் விசாரித்த ஜூரிகள் 469 கோடி டாலர் விதித்தார்கள். அப்பெண்களில் ஆறுபேர் அதற்குள் மாண்டுவிட்டார்கள். 2020 ஜூனில் மேல்நீதிமன்றம் தொகையை 212 கோடி டாலராகக் குறைத்தது. ஆனால் நிறுவனத்தின் நடத்தையைக் கண்டித்துத் தீர்ப்பை உறுதிசெய்தது. 2021 ஜூன் முதல் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. வேறு பல வழக்குகளில் ஜூரிகள் நிறுவனத்துக்குச் சார்பாகவும் முடிவு சொல்லியிருக்கிறார்கள்.

அறிவியலும் எல்லாவற்றிலும் ஒருமித்த குரலில் பேசவில்லை. கல்நார் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. மெசோதெலியோமாவும் நுரையீரற் புற்றுநோயும் மட்டுமன்று. சினைப்பைப் புற்றுநோயும் கல்நாரால் விளையலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கூறுகிறது. ஆனால் டால்க் பவுடரைப் பெண்கள் உடலின் கீழ்ப்பகுதியில் பூசுவதால் அந்நோய் வருமா என்பதில் ஆய்வுகள் மாறுபட்டன. இரண்டரை லட்சம் பெண்களைப் பற்றிய விவரங்களைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, திட்டவட்டமான தொடர்பைக் காணவில்லை. மேற்சொன்ன புற்றுநோய் ஆய்வு அமைப்போ, 2024 ஜூலையில் டால்க்கையே ‘மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் வகையில் சேர்த்தது. ஆகவே, பவுடர் பூசிய தாய்மார் எவரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கானோர் பூசினர், அவர்களுள் மிகப் பலருக்கு ஒன்றும் நேரவில்லை. ஐயமான பொருளைத் தொடர்ந்து பூசிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.

2019 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கத்தின் சோதனையில் ஒரு டப்பாவில் மிகச் சிறிதளவு கல்நார் காணப்பட்டது; நிறுவனம் ஏறக்குறைய 33,000 டப்பாக்களைத் திரும்பப் பெற்றது. பின்னர்த் தான் நடத்திய சோதனைகளில் கல்நார் இல்லை என்று அறிவித்தது. 2020 மே மாதத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பவுடர் விற்பனையை நிறுத்துவதாகச் சொல்லி, 2023-இல் உலகெங்கும் நிறுத்தி, மக்காச்சோள மாவுப் பவுடருக்கு மாறியது. பொருளில் குறையில்லை, விற்பனை குறைந்ததும் வியாபார வசதியுமே காரணம் என்றது.

மஞ்சட் கடிதாசு

நம் ஊரிலே கடனைத் தீர்க்க முடியாதவன் ‘மஞ்சட் கடிதாசு’ கொடுத்துவிட்டான் என்பார்கள். அச்சட்டம் நியாயமானது, உண்மையில் நொடித்துப் போனவனுக்கு அது தேவை. அமெரிக்காவிலே 2021 அக்டோபரில் நிகழ்ந்ததோ புதுமையானது. உலகின் பெருஞ்செல்வ நிறுவனங்களில் ஒன்றாகிய ஜான்சன் அண்ட் ஜான்சன், ஒரு புதிய துணை நிறுவனத்தைப் படைத்தது. டால்க் வழக்குகளின் பொறுப்பு முழுவதையும் அதன் தலையில் ஏற்றியது. சில நாட்களிலேயே அத்துணை நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அப்போது நிலுவையிலிருந்த ஏறக்குறைய 38,000 பேரின் வழக்குகள் நின்றுபோயின. புற்றுநோயோடு போராடுகிறவர்களுக்கு, வழக்கு நிற்பது என்பது காலம் கழிவது மட்டுமன்று. அவர்கள் தீர்ப்பைக் காணாமலே கண்மூடுவதும் ஆகும்.

2023 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்துணை நிறுவனம் பண நெருக்கடியில் இல்லை என்று கண்டு, மனுவைத் தள்ளுபடி செய்ய ஆணையிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் 890 கோடி டாலர் தருவதாகச் சொல்லி இரண்டாம் முறை மனு வந்தது. ஜூலையில் அதுவும் தள்ளுபடியாயிற்று. 2024 செப்டம்பரில் வேறு பெயரில், வேறு மாநிலத்தில், மூன்றாம் முறை வந்தது. 2025 மார்ச் 31 அன்று ஹூஸ்டன் நகர நீதிமன்றம் அதையும் ஏற்க மறுத்தது. இதற்குள் வழக்காளிகளின் தொகை 60,000-க்கு மேற்பட்டுவிட்டது.

எல்லாரோடும் ஒரே முறையில் கணக்குத் தீர்க்கவும், ஜூரிகளின் முடிவுகள் ஆளுக்கொரு விதமாய் அமையாதிருக்கவும் இதுவே வழி என்று நிறுவனம் வாதிட்டது. அவ்வாதத்தில் ஓரளவு பொருளுண்டு. இலாபம் வந்த நாட்களில் ஒரே வீடாயிருந்து, பழி வந்த நாளில் தனிக்குடித்தனம் போவது நியாயமாகுமா என்று கேட்பதிலும் பொருளுண்டு.

நம் நாட்டின் நிலை

இந்தப் பவுடர் நம் நாட்டிலும் வீடுதோறும் இருந்தது. 2018 டிசம்பரில் ராய்ட்டர் செய்தி வந்தபின், நம் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இந்திய ஆலைகளிலிருந்து மாதிரிகள் எடுத்தனர். கல்நார் காணப்படவில்லை என்று முடிவு வந்ததாகச் சொல்லி, நிறுவனம் 2019 பிப்ரவரியில் உற்பத்தியை மீண்டும் தொடங்கியது.

சட்டத்தைப் பொறுத்தமட்டில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘பொருட் பொறுப்பு’ என்னும் தனி அதிகாரத்தை உடையது; 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. செய்முறையில் குறை, அமைப்பில் குறை, தந்த உறுதிக்கு மாறாயிருத்தல், தீங்கைத் தடுக்கப் போதிய எச்சரிக்கை தராதிருத்தல் ஆகிய இவற்றால் விளைந்த கேட்டுக்கு உற்பத்தியாளர் பொறுப்பாளி. ‘பாதுகாப்பானது’ என்று வெளிப்படையாய் உறுதி சொல்லிவிட்டால், அவ்வுறுதியைத் தந்ததில் தாம் கவனக்குறைவாய் இல்லை என்று காட்டியும் தப்ப முடியாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இன்றியும் முறையிடலாம். காரணம் எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. ஆனால் நுண்ணிழை உட்புகுந்து முப்பதாண்டு கழித்து வரும் நோய்க்கு, எந்தக் கடையில் எந்த டப்பா வாங்கினோம் என்று எவர் சாட்சி சொல்வார்? சட்டத்தின் கை இங்கே குட்டையாகிறது. ஆதலால்தான் நீதிமன்றத்துக்கு முந்திய இடமாகிய மனச்சான்றிடம் வந்து சேர்கிறோம்.

மனச்சான்றின் முன்னிலையில்

இவ்வழக்குகளைப் படித்து, ‘பெருமுதலாளிகள் இப்படித்தான்’ என்று பெருமூச்செறிந்துவிட்டு இதழை மூடிவைத்தால் நமக்குப் பயனில்லை. ஒரு சோதனைத் தாளை எண்ணிப் பாருங்கள். அதை எழுதியவர் ஓர் ஆய்வக ஊழியர். தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தர். படித்தவர் ஒரு மேலாளர். கோப்பில் கட்டியவர் மற்றொருவர். இவர்கள் எல்லாரும் குடும்பஸ்தர்கள். இவர்களுள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குச் சென்றவர்களும் இருந்திருக்கலாம். எவரும் எவரையும் கொல்ல எண்ணவில்லை. ஒவ்வொருவரும், சொல்ல வேண்டியவர் தமக்கு மேலிருப்பவர் என்று எண்ணியிருக்கலாம். இவ்வாறே ஓர் உண்மை பல கைகளைக் கடந்தும் தெருவுக்கு வராமற் போகக்கூடும்.

நம் பங்குகளிலும் மருந்துக்கடை ஊழியர் உண்டு. உணவுப்பொருள் ஆலையில் தரம் பார்ப்போர் உண்டு. எண்ணெய் வியாபாரி, மசாலாப் பொடி அரைப்போர், கட்டட மேஸ்திரி, பள்ளி வாகனம் ஓட்டுவோர் உண்டு. காலாவதியான மருந்தை அறிந்தே கொடுத்தல், கலப்படம் என்று தெரிந்தும் நிறுத்துப் போடுதல், தடை பிடிக்காத வண்டியில் பிள்ளைகளை ஏற்றுதல் ஆகிய இவையெல்லாம் கட்டாமல் விட்ட மாடுகளே. எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியைத் தடுக்கிறது. சொல்லக் கடமைப்பட்டவன் சொல்லாதிருப்பதும் பொய்ச்சாட்சியின் சாயலுடையதே. அந்த மௌனத்தால் உயிர் போகுமானால் ஐந்தாம் கட்டளையும், அம்மௌனத்தால் இலாபம் வருமானால் ஏழாம் கட்டளையும் மீறப்படுகின்றன. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்கையில், ‘என்ன செய்தேன்’ என்பதோடு, ‘என் தொழிலில் நான் அறிந்திருந்தும் சொல்லாமல் வைத்திருப்பது என்ன’ என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று. உண்மையைச் சொன்னதற்காக வேலை இழப்பவனும் உண்டு. அத்தகையவனுக்கு அவன் குடும்பமும் பங்குச் சமூகமும் துணைநிற்க வேண்டும். இல்லையேல் உண்மை பேசச் சொல்லும் நம் பிரசங்கம் அவனுக்குச் சுமையே அன்றி உதவியாகாது.

இல்லத் தலைவிகளுக்குச் சில சொல். குழந்தைக்குப் பவுடர் இன்றியமையாததன்று. எந்தப் பவுடராயினும் அதன் தூசி பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது என்பதால், குழந்தை மருத்துவர்கள் பலர் அதை வேண்டாம் என்கிறார்கள். நன்கு குளிப்பாட்டி, மடிப்புகளில் ஈரம் போகத் துடைத்தலே போதும். விளம்பரத்துச் சிரிப்பைப் பார்ப்பதைவிட, டப்பாவின் பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படியுங்கள். ரசீது வாங்கி வையுங்கள். பழைய கல்நார்க் கூரைத் தகடுகளை அறுக்கவோ, துளையிடவோ, உடைத்து வாசலில் கொட்டவோ வேண்டாம். உடையாமல் இருக்கும்வரை அவற்றின் இழைகள் பெரும்பாலும் சிமெண்டுக்குள் அடங்கியிருக்கும்.

அமெரிக்க நீதிமன்றங்கள் விதித்த கோடிகள் எவ்வளவு பெரிதாயினும், அந்த இருபத்திரண்டு பேரில் தீர்ப்புக்கு முன்னரே மறைந்த ஆறு பெண்களை அவற்றால் திரும்ப அழைக்க இயலாது. இழப்பீடு என்பது குழிக்குள் விழுந்தபின் கொடுக்கும் விலை. கைப்பிடிச் சுவரோ, எவரும் விழுமுன் கட்டப்படுவது. நம் வீட்டு மாடியிலும் நம் தொழிலிலும் அச்சுவரை இன்றே கட்டுவோம். முகமறியாத அயலானின் உயிரையும் நம் பொறுப்பில் ஒப்படைத்த இறைவன், அதற்கு வேண்டிய நேர்மையையும் துணிவையும் நம் குடும்பங்களுக்கு அருள்வாராக.